சிவப்பு மை இல்லாத நோட்டு

ஜூன் பிறந்து பள்ளி திறந்தால் எனக்கு முதலில் போவது தொண்டை. அடுத்த வாரம் கால். பொறுமை போவதற்கு மட்டும் தேதி கிடையாது. பதினோரு வருடம் இந்தப் பள்ளியில் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். ஒரு வருடம்கூட இது மாறியதில்லை. அதனால் போன வாரம் நான் ஆசிரியர் அறைக்குள் வந்தபோது, புதிதாகச் சேர்ந்த நீங்கள் ஐந்தாறு பேரும் நோட்டுக் கட்டுகளின் மேல் தலை சாய்த்துக் கிடந்ததைப் பார்த்து எனக்கு இரக்கம் வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

"புதுசா வந்தவங்களுக்கு நாலு வார்த்தை சொல்லிப்போடுங்க மிஸ்" என்று தாளாளர் கேட்டார். மேடையில் நின்று பேச எனக்கு இப்போது மூச்சும் இல்லை, மனமும் இல்லை. எழுதித் தருகிறேன் என்றேன். பாடத்திட்டம், தேர்வுத்தாள், மதிப்பெண் பதிவு எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதையெல்லாம் விட்டுவிடுகிறேன். வந்த முதல் பருவத்திலேயே நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். உங்களில் ஒருவர் கண்டியிலிருந்து வந்திருக்கிறார். இன்னொருவர் என் ஊர்ப்பக்கம், மலேசியாவின் பேராக்கிலிருந்தே வந்திருக்கிறார். மற்றவர்களுக்கும் திருப்பூர் புது ஊர்தான். இது உங்களுக்கு உதவலாம். உதவாமலும் போகலாம்.

நான் மலேசியாவில் இருபது வருடம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவள். என் கணவருக்கு இங்கே ஒரு பின்னலாடைக் கம்பெனியில் வேலை கிடைத்தது. மூட்டை கட்டிக்கொண்டு நானும் கூடவே வந்தேன். பெருமாநல்லூர் சாலையில் மாடி வீடு. பத்து நிமிட நடையில் இந்தப் பள்ளி. என்னைச் சேர்த்ததும் பள்ளி நோட்டீஸில் 'வெளிநாட்டு ஆசிரியை' என்று கொட்டை எழுத்தில் போட்டார்கள். தமிழ் பேசுகிறவள் தமிழ்நாட்டுக்கு வருகிறேன், இதில் வெளிநாடு எங்கிருந்து வந்தது என்று நினைத்துக்கொண்டேன். முதல் சறுக்கல் அங்கேதான்.

முதல் நாள், ஆறாம் வகுப்பு, நாற்பத்திரண்டு பிள்ளைகள். உள்ளே போய், எங்கள் ஊர் வழக்கப்படி, "எல்லாரும் பசியாறிட்டீங்களா?" என்று கேட்டேன். காலைச் சாப்பாடு ஆயிற்றா என்று அர்த்தம். வகுப்பு ஒரு நொடி என்னைப் பார்த்தது. பிறகு சிரித்தது பாருங்கள், பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அதன் பிறகு மாடிப்படியில், குடிநீர்க் குழாயடியில், எங்கே போனாலும் பின்னாலிருந்து ஒரு குரல் வரும்: "பசியாறிட்டீங்களா மிஸ்?"

நான் அதைச் சிரித்துக்கொண்டே கடந்திருக்க வேண்டும். எனக்கு அப்போது அவ்வளவு பெரிய மனசு இல்லை. ஐம்பதை நெருங்குகிற வயது. வேர்த்து வடிகிற வெயில். மின்விசிறி சுற்றும்போது கரண்ட் போகும், கரண்ட் வரும்போது பீரியட் முடிந்துவிடும். வீட்டுக்குப் போனால் கணவர் இன்னும் கம்பெனியில் இருப்பார். இவ்வளவுக்கும் நடுவில் பத்து வயதுப் பிள்ளைகளின் கேலி வேறு. எனக்குத் தெரிந்த ஒரே மருந்து கண்டிப்பு. பேச்சைக் குறைத்துக்கொண்டேன், முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டேன், நோட்டுகளில் சிவப்பு மையை வாரி இறைத்தேன். மூன்றாவது வாரம் வகுப்பில் சத்தம் அடங்கியது. ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

இந்த ஊரைப் பற்றி நான் தெரிந்துகொண்டிருக்க வேண்டியது ஒன்று இருந்தது. இங்கே பொழுதை மணியால் அளப்பதில்லை, ஷிப்டால் அளக்கிறார்கள். காலை எட்டரைக்குப் போய் மாலை ஐந்தரைக்கு வந்தால் ஒரு ஷிப்ட். எட்டரைக்குப் போய் இரவு எட்டரைக்கு வந்தால் ஒன்றரை. என் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் வீட்டில் ஒன்றரைதான். அதை யாரோ என்னிடம் சொன்னார்கள், நானும் கேட்டுக்கொண்டேன். ஆனால் காதில் விழுந்தது மண்டைக்குள் போகவில்லை.

மாரிச்செல்வி வந்தது அந்த மூன்றாவது வாரத்தில்தான். கோவில்பட்டிப் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்த பெண். அம்மாவும் அவளும் மட்டும் பிழைப்புக்காக இங்கே வந்திருந்தார்கள். ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டு எட்டுக் குடும்பங்கள் இருக்கும் லைன் வீடு ஒன்றில் குடியிருந்தார்கள். எங்கள் தோட்டப்புறங்களில் லயம் என்போம், அதே வீடுதான். தாளாளர் அவளை உடனே சேர்த்துக்கொள்ளவில்லை.

"ஒரு மாசம் சும்மா உக்காரட்டுமுங்க மிஸ். இங்கிலீஷ் மீடியத்துல தாக்குப் பிடிப்பாளான்னு நீங்க பாத்துச் சொல்லுங்க. அப்புறம் பேரை ஏத்திக்கலாம்" என்றார்.

ஆக, அந்தப் பிள்ளை இங்கே படிப்பதும் படிக்காததும் என் ஒரு வார்த்தையில் இருந்தது. அது அவளுக்கும் தெரியும். முன் பெஞ்சில் நுனியில், யாராவது எழுந்திரு என்று சொன்னால் உடனே எழுந்துவிடத் தயாராக இருப்பதுபோல உட்கார்ந்திருப்பாள்.

முதல் பத்து நாளில் அவளுடைய ஆங்கில நோட்டு அம்மை போட்டதுபோல் ஆகிவிட்டது. வரிக்கு வரி சிவப்பு வட்டம், ஓரத்தில் என் திருத்தம், பக்கத்துக்குக் கீழே என் கையெழுத்து. அவளும் சளைக்காமல் எழுதிக்கொண்டு வந்தாள். தேறிவிடுவாள் என்றுதான் எனக்கும் தோன்றியது.

அடுத்த திங்கட்கிழமை அவள் வைத்த நோட்டைப் பிரித்தேன். அதே அட்டை, அதே லேபிள், அதே கையெழுத்து. ஆனால் உள்ளே ஒரு தப்புகூட இல்லை. முதல் பாடத்திலிருந்து எல்லா விடையும் சரி. ஒரு பக்கத்திலும் சிவப்பு மை இல்லை. என் கையெழுத்தும் இல்லை.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. மாதக் கடைசியில் நோட்டைப் பார்த்துத்தான் நான் தாளாளரிடம் சொல்லப்போகிறேன்; அதற்காகப் பழைய பக்கங்களைக் கிழித்துவிட்டு, நன்றாகப் படிக்கிற யாரையோ பார்த்துப் புதிதாக எழுதிக்கொண்டு வந்திருக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன். முடிவு கட்ட எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. அவளை எழுப்பி நிறுத்தினேன்.

"பழைய பக்கமெல்லாம் எங்கே?"

"அம்மா எடுத்துட்டாங்க மிஸ்."

"அம்மாவுக்கு எதுக்கு உன் நோட்டு?"

"தெரியல மிஸ். தப்பு இருக்குன்னு எடுத்துட்டாங்க. திருப்பி எழுதச் சொன்னாங்க."

"பொய் சொல்லாதே. பொய் சொல்றவங்களுக்கு இந்த வகுப்புல இடம் கிடையாது."

நாற்பத்திரண்டு பிள்ளைகளும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அழவில்லை. நான் உட்காரச் சொல்லும்வரை நின்றாள். நான் உட்காரச் சொல்ல மறந்துவிட்டேன் என்பது மணி அடித்த பிறகுதான் தெரிந்தது.

அன்றைக்கே அவள் டைரியில் 'பெற்றோர் நாளை வரவும்' என்று எழுதினேன். கீழே கோணல்மாணலாக ஒரு கையெழுத்து வந்தது, ஆள் வரவில்லை. செவ்வாயன்றும் எழுதினேன். கையெழுத்து வந்தது, ஆள் வரவில்லை. குற்றமுள்ள நெஞ்சு, எப்படி வருவார்கள் என்று நினைத்தேன். புதன்கிழமை தாளாளரிடம் போய், சேர்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

"ஏனுங்க மிஸ், நிச்சயமாத் தெரியுமுங்களா?" என்றார் அவர். "கம்பெனிக்காரர் ஒருத்தரு அவரு பொண்ணுக்கு ஆறாவதுல இடம் கேட்டு நடையா நடக்கறாரு. வெள்ளிக்கிழமை லிஸ்ட்டை மூடியாகோணும். மூடிட்டா அப்புறம் நானே நெனச்சாலும் ஒண்ணும் பண்ண முடியாதுங்க."

"நிச்சயம்" என்றேன். களைத்துப்போனவர்களுக்கு நிச்சயம் சீக்கிரம் வந்துவிடும். இதை மட்டும் எங்காவது குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வியாழக்கிழமை மதியம் ஆசிரியர் அறையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன். வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை, சேலை முழுக்க நூல் பிசிறு, கையில் பனியன் மடித்துப் போடுகிற பாலிதீன் பை. வேகமாக நடந்து வந்த மூச்சு இன்னும் அடங்கியிருக்கவில்லை.

"வணக்கம் மிஸ். மாரிச்செல்வியோட அம்மா. ரெண்டு நாளா கேட்டுப் பாத்தேன், ஷிப்மென்ட் இருக்குன்னு விடல. இன்னைக்கும் அரமணி நேரந்தான் பர்மிசன். வந்து போகவே இருவது நிமிசம் ஆயிரும். என்னன்னு சொல்லுங்க."

நாலு நாளாகச் சேர்த்து வைத்திருந்ததை எடுத்து விட்டேன். "உங்க பொண்ணு பழைய பக்கத்தையெல்லாம் கிழிச்சுப் போட்டுட்டு..."

"அவ கிழிக்கல மிஸ். நாந்தான் கிழிச்சேன்."

"எதுக்கு?"

நான் ஏதோ கேட்கக்கூடாததைக் கேட்டதுபோல என்னைப் பார்த்தாள். "நீங்கதான செவப்புல குறி போட்டு அனுப்புனீங்க. தப்புன்னுதான போட்டீங்க?"

"ஆமாம்."

"நான் கம்பெனியில செக்கிங்ல இருக்கேன் மிஸ். பனியன்ல எங்க ஓட்ட, எங்க கறன்னு பாத்து செவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுததுதான் என் வேல. ஒட்டுன பீஸு தையலுக்குத் திரும்பிப் போவும். சரி பண்ணி, ஸ்டிக்கர எடுத்துட்டுத்தான் மறுபடி எங்கிட்ட வரணும். ஸ்டிக்கரோட ஒரு பீஸு பெட்டிக்குள்ள போயிட்டுன்னா மொத்த லாட்டு சரக்கும் திரும்பி வந்துரும். இவ நோட்டு முழுக்கக் குறியா வந்துச்சு. அத அப்படியே எப்படி உங்களுக்குத் திருப்பி அனுப்புவேன்? நீங்க ஓரத்துல எழுதியிருந்ததப் பாத்து ஒவ்வொண்ணா மறுபடி எழுதுன்னு சொன்னேன். நான் வேல முடிஞ்சு வந்து பக்கத்துல இருந்து சரி பாத்தேன். இங்கிலீஷ் எனக்குத் தெரியாது. எழுத்து அதே மாதிரி இருக்கான்னு பாக்கத் தெரியும். நாலு நாளு ஆச்சு."

பையை மேசைமேல் கவிழ்த்தாள். பழைய பக்கங்கள் எல்லாம் வரிசை மாறாமல் இருந்தன. என் ஒவ்வொரு சிவப்பு வட்டத்துக்கும் பக்கத்தில் பென்சிலால் சின்ன டிக். சரி பார்த்தாயிற்று என்பதற்கு.

"தூரப் போடல மிஸ். டேமேஜ் பீஸக்கூட எடுத்துத்தான் வைக்கணும். கேட்டா காட்டணும்லா."

இருபது வருடமாகப் பிள்ளைகளின் நோட்டைத் திருத்துகிறேன். வீட்டில் எத்தனை பெற்றோர் அதைப் பிரித்துப் பார்த்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. திருத்தியதை எழுத்தெழுத்தாகச் சரி பார்த்த ஒரு தாயை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். அவள் மகளைத்தான் நான் பொய்க்காரி என்றிருந்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். இடம் போகாது, நானே போய்ப் பேசுகிறேன் என்றேன். அவள் தலையாட்டிவிட்டு வாசல்வரை போனாள். போனவள் திரும்பினாள்.

"இன்னொண்ணு மிஸ். வகுப்புல வச்சு இவள பொய் சொல்லுதவன்னு சொன்னீங்களாம்லா."

"ஆமாம்."

"நாங்க தப்பு எங்க இருக்கோ அங்கதான் ஸ்டிக்கர் ஒட்டுவோம். தச்ச ஆளு மேல ஒட்ட மாட்டோம். அதையும் நீங்க எடுத்துரணும். வகுப்புல வச்சே."

"கண்டிப்பா. நாளைக்கே சொல்லிடுறேன்."

அவள் மணியைப் பார்த்துவிட்டு ஓட்டமும் நடையுமாகப் போனாள். நான் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு நேராகத் தாளாளர் அறைக்குப் போனேன். "நேத்துத்தானுங்க நிச்சயம்னு சொன்னீங்க?" என்றார். நான் சொன்னது தப்பு என்றேன். "சரிங்க, கம்பெனிக்காரருக்கு நான் பதில் சொல்லிக்கறேன்" என்றார். வெள்ளிக்கிழமைப் பட்டியலில் மாரிச்செல்வியின் பெயர் ஏறியது.

கதையை இங்கேயே நிறுத்தினால் எனக்கு நல்ல பேர். நிறுத்த முடியாது.

வெள்ளிக்கிழமை காலை, சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வகுப்புக்குள் போனேன். நாற்காலிக்குப் பக்கத்தில் போகும் முன்பே, வாரக்கணக்கில் கேட்காமல் இருந்த அந்தக் குரல் கடைசி பெஞ்சிலிருந்து வந்தது: "பசியாறிட்டீங்களா மிஸ்?" நாலைந்து பேர் சிரித்தார்கள். அவ்வளவுதான். இந்த நேரத்தில் போய், நான் தப்புச் செய்துவிட்டேன் என்று இவர்கள் முன்னால் சொன்னால் என் பிழைப்பு என்ன ஆகும்? ஒரு மாதம் கஷ்டப்பட்டு அடக்கிய வகுப்பு. யார் சிரித்தது என்று அதட்டினேன். வருகைப் பதிவை எடுத்தேன். பாடத்தை ஆரம்பித்தேன்.

மணி அடித்ததும் மாரிச்செல்வியை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டு, நான் தப்பாகச் சொல்லிவிட்டேன், மனசில் வைத்துக்கொள்ளாதே என்றேன். "சரி மிஸ்" என்றாள். இன்னும் ஏதோ வரப்போகிறது என்பதுபோல் கொஞ்சம் நின்றாள். வரவில்லை என்றதும் உள்ளே போய்விட்டாள். அவளிடம் சொன்னால் போதாதா, நாற்பது பேரிடம் எதற்கு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். திங்கட்கிழமை சொல்லலாம் என்று தள்ளினேன். திங்கட்கிழமை தேர்வு வந்தது. அதற்கடுத்த திங்கட்கிழமை, இப்போது போய்க் கிளறுவானேன் என்று தோன்றியது. நாள் ஆக ஆக அந்த ஒரு வரி கனத்துக்கொண்டே போனது. களைப்பு என்று பேர் சொல்லி எதையும் தள்ளிப்போடலாம், யாரும் கேட்க மாட்டார்கள். அது களைப்பே இல்லை, பயம்.

நாலு வாரம் கழித்துப் பெற்றோர் கூட்டம். இங்கே அதை ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் வைப்பார்கள். மற்ற நாளில் வைத்தால் காலி நாற்காலிகளோடுதான் பேச வேண்டும். மாரிச்செல்வியின் அம்மா தலைக்குக் குளித்து, பூ வைத்துக்கொண்டு வந்திருந்தாள். முகத்தில் அவசரம் இல்லாமல் அவளை அன்றுதான் பார்த்தேன்.

"ரொம்ப நன்றி மிஸ். வகுப்புல எல்லார் முன்னாலயும் சொல்லிட்டீங்கன்னு பாப்பா அன்னைக்கே வந்து சொல்லிச்சு. பிள்ளைங்க எல்லாம் கை தட்டிச்சாம்லா."

நான் மாரிச்செல்வியைப் பார்த்தேன். அவள் மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ம்" என்றேன் நான்.

அந்த 'ம்' என் வாழ்க்கையில் நான் சொன்ன மிக மட்டமான வார்த்தை. இல்லையம்மா, நான் சொல்லவில்லை என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் பிள்ளை மாட்டிக்கொள்ளும் என்று காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன். அந்த ஞாயிறு முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. என் மானத்தைக் காப்பாற்ற இந்தச் சின்னப் பெண் வீட்டில் பொய் சொல்லியிருக்கிறாளே என்று நினைத்து நினைத்து உருகினேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த உருக்கத்தில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. என்மேல் அவ்வளவு பிரியமா என்று.

திங்கட்கிழமை முதல் பீரியடிலேயே சொல்லிவிட்டேன். "போன மாசம் மாரிச்செல்வி பொய் சொல்றான்னு சொன்னேன். அவ சொன்னது உண்மை. நான்தான் விசாரிக்காம சொல்லிட்டேன். தப்பு என்னோடது." ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. யாரும் சிரிக்கவில்லை. யாரும் கை தட்டவும் இல்லை. வகுப்பு கையை விட்டுப் போகவும் இல்லை. ஒரு மாதமாக நான் பயந்த எதுவும் நடக்கவில்லை. மாரிச்செல்வி குனிந்து பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தாள்.

இடைவேளையில் அவளைக் கூப்பிட்டேன். கையில் கழுவுவதற்குச் சாப்பாட்டு டப்பாவோடு வந்தாள். "அம்மாகிட்ட ஏன் அப்படிச் சொன்ன?" என்று கேட்டேன். எனக்கு வேண்டிய பதிலை எதிர்பார்த்துத்தான் கேட்டேன்.

"நீங்க சொல்லலன்னு தெரிஞ்சா அம்மா மறுபடி பர்மிசன் போட்டுட்டு வரும் மிஸ்" என்றாள். "அன்னைக்கு வந்ததுக்கே கால் ஷிப்ட் சம்பளத்தப் பிடிச்சுட்டாங்க. ஆறு நாளு நின்னுக்கிட்டே வேல பாத்துட்டு, அதுக்குக் கால் ஷிப்ட் போனா அம்மா ராத்திரி பேசாது. அதான்."

"கை தட்டினாங்கன்னு சொன்னது?"

"அது சேத்துச் சொன்னேன் மிஸ். அப்பத்தான் அம்மா நம்பும்."

குழாயடிக்குப் போய்விட்டாள். நான் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன். பிரியமும் இல்லை, ஒன்றும் இல்லை. நான் அவளுடைய கணக்கிலேயே இல்லை. பொய் சொல்கிறாள் என்று நான் எழுப்பி நிறுத்திய அன்று அந்தப் பிள்ளை உண்மையைத்தான் சொன்னது. அந்த வெள்ளிக்கிழமை நான் வாயை மூடிக்கொண்டதில்தான் அது பொய் சொல்லக் கற்றுக்கொண்டது.